பழைய ஸ்கூட்டரும் அலுமினியப் பட்டையும்

பாடம் 9

கொட்டகையில் நின்ற வண்டி

சித்தூர் நகரை ஒட்டி ஒரு தெரு. அந்தத் தெருவில் ஒரு வீடு. வீட்டின் பின்னால் மாட்டுக் கொட்டகை. கொட்டகையின் மூலையில் ஒரு பழைய ஸ்கூட்டர் நின்றது. அதன் மேல் சாக்குப் போர்த்தியிருந்தது. அது பஜாஜ் சேத்தக் வண்டி. அந்த வீட்டுப் பெரியவர் ஓட்டிய வண்டி.

அவர் சேலை வியாபாரி. நகரியிலும் புத்தூரிலும் நெசவாளர்களிடம் சேலை வாங்குவார். மூட்டையாகக் கட்டுவார். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் மூட்டையை வைப்பார். ஊர் ஊராகப் போய் விற்பார். அந்த வண்டிதான் குடும்பத்துக்குச் சோறு போட்டது. இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தது. அவர் இறந்து ஆறு வருடம் ஆகிவிட்டது.

பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்தார். “எடை போட்டு எடுத்துக் கொள்கிறேன்” என்றார். அம்மாவுக்கு மனம் வரவில்லை.

மகன் சொன்னான்: “அம்மா, விற்க வேண்டாம். வண்டியைச் சரி செய்வோம். அப்பாவின் வியாபாரத்தை நானே செய்கிறேன்.”

அம்மாவின் தம்பி திருப்பதியில் இருக்கிறார். ரேணிகுண்டா சாலையில் சிறிய பாலிஷ் பட்டறை வைத்திருக்கிறார். அம்மா அவருக்குப் போன் செய்தார்.

“அக்கா, எஞ்சினை அங்கேயே மெக்கானிக் பார்க்கட்டும். பெயிண்ட் வேலையும் அங்கேயே நடக்கட்டும். அலுமினியப் பட்டைகளை மட்டும் கழற்றி என்னிடம் கொண்டு வாருங்கள். ஆயுத பூஜைக்குள் பளபளவென்று ஆக்கித் தருகிறேன்” என்றார் தம்பி.

எவை அந்தப் பட்டைகள்? ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே நீளநீளமாகப் பட்டைகள் இருக்கும். பட்டையின் நடுவில் ரப்பர் பதித்திருக்கும். முன் தகட்டின் ஓரத்திலும் ஒரு பட்டை சுற்றி வரும். பட்டறையில் இதற்குப் பீடிங் என்று பெயர். பீடிங் வண்டிக்கு அழகு. தகட்டின் ஓரத்துக்குப் பாதுகாப்பு.

பொட்டலத்தில் என்ன எழுதியிருந்தது?

மகன் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். அவனுக்கு எல்லாவற்றிலும் அவசரம். பட்டைகளைக் கழற்றினான். எல்லாம் கறுத்து, மங்கி, வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன. “இதற்காக ஏன் திருப்பதி போக வேண்டும்? நானே சுத்தம் செய்து விடுகிறேன்” என்று நினைத்தான்.

வீட்டில் காஸ்டிக் சோடா இருந்தது. அம்மாவின் டுவாக்ரா குழுவில் சோப்பு செய்வார்கள். அதற்காக வாங்கி வைத்திருந்தார்கள். மகன் அதை எடுத்தான். எந்த அழுக்கையும் எடுக்கும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தான். பக்கெட் தண்ணீரில் கொட்டினான். ஒரு பட்டையை அதில் போட்டான்.

உடனே தண்ணீர் நுரைத்தது. குமிழ் குமிழாகப் பொங்கியது. பக்கெட் சூடாகியது. மகன் பயந்து கையை விட்டுப் பட்டையை எடுத்தான். பட்டை கறுப்பாக இருந்தது. மேலெல்லாம் ஊசி குத்தியது போலச் சிறு சிறு குழிகள். விரல்கள் சோப்புப் பட்டது போல வழுக்கின. பிறகு எரிந்தன.

அம்மா ஓடி வந்தார். மகனின் கையைக் குழாய்க்கு அடியில் பிடித்தார். “எடுக்காதே. இருபது நிமிடம் தண்ணீர் ஓடட்டும்” என்றார். பிறகு பொட்டலத்தை எடுத்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

அந்த வீட்டில் பேச்சு தமிழ். அம்மா சிறு வயதில் பள்ளிக்குப் போனதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு மாலை வகுப்பில் தெலுங்கு எழுத்து படித்தார். பின்னர் தமிழ் எழுத்தும் கற்றுக்கொண்டார். இன்றும் மெதுவாகத்தான் படிப்பார். ஆனால் முழுவதும் படிப்பார்.

பொட்டலத்தில் தெலுங்கில் இப்படி எழுதியிருந்தது: “அரிக்கும் பொருள். தோலில் படக் கூடாது. அலுமினியப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது.”

பக்கத்தில் ஒரு படமும் இருந்தது. ஒரு குழாயிலிருந்து சொட்டு விழுகிறது. கீழே ஒரு கை. கை அரித்துப் போகிறது. இன்னொரு குழாயிலிருந்தும் சொட்டு விழுகிறது. கீழே ஒரு உலோகத் துண்டு. அதுவும் அரித்துப் போகிறது.

அம்மா சொன்னார்: “நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். நீ வேகமாகப் படிக்கத் தெரிந்தவன். படிக்கத் தெரிந்தும் நீ படிக்கவில்லையே!”

மகன் தலை குனிந்தான்.

அலுமினியம் என்றால் என்ன?

மறுநாள் இருவரும் பஸ் ஏறினார்கள். சித்தூரிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். பட்டைகளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள்.

மாமா கறுத்த பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. “உட்கார், மாப்பிள்ளை. முதலில் இந்த உலோகத்தைத் தெரிந்து கொள். பிறகு கை வைக்கலாம்” என்றார்.

மாமா சொன்ன செய்திகள் இவை.

அலுமினியம் மண்ணிலிருந்து வருகிறது. பாக்சைட் என்ற தாதுவைத் தோண்டி எடுப்பார்கள். அதைச் சுத்தம் செய்தால் அலுமினா என்ற வெள்ளைப் பொடி கிடைக்கும். பொடியை உருகிய கிரையோலைட்டில் கரைத்து, அதில் மின்சாரத்தைச் செலுத்தி அலுமினியத்தைப் பிரிப்பார்கள். 4 டன் பாக்சைட்டிலிருந்து ஏறத்தாழ 1 டன் அலுமினியம் கிடைக்கும். இதற்கு நிறைய மின்சாரம் செலவாகும். பழைய அலுமினியத்தை உருக்கி மறுபடி பயன்படுத்தினால் அதில் இருபதில் ஒரு பங்கு சக்தி போதும்.

ஒரு காலத்தில் அலுமினியம் வெள்ளியைப் போல விலை உயர்ந்தது. 1884-ல் அமெரிக்காவில் வாஷிங்டன் நினைவுத் தூணைக் கட்டி முடித்தார்கள். அதன் உச்சியில் அலுமினியக் கூம்பு வைத்தார்கள். அப்போது அது அரிய பொருள். 1886-ல் அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் ஹெரூ என்பவரும் மின்சாரத்தால் பிரிக்கும் முறையைத் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு விலை இறங்கியது.

நம் பக்கத்துக்கு அலுமினியம் எப்போது வந்தது? 1898-ல் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் ஆசிரியர் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கி வைத்தார். அப்போது சித்தூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. சித்தூர் தனி மாவட்டம் ஆனது 1911-ல்தான். 1943-ல் கேரளத்தில் ஆலுவா அருகே அலுமினியம் உருக்கும் ஆலை வேலையைத் தொடங்கியது. 1965-ல் சேலம் மாவட்டம் மேட்டூரிலும் அப்படி ஓர் ஆலை வந்தது.

ஸ்கூட்டருக்கு ஏன் அலுமினியம்? அது எடை குறைந்தது. ஒரே அளவுள்ள இரும்புத் துண்டையும் அலுமினியத் துண்டையும் கையில் எடுங்கள். இரும்பு ஏறத்தாழ மூன்று மடங்கு கனமாக இருக்கும். அலுமினியம் இரும்பைப் போலத் துருப் பிடிக்காது.

“துருப் பிடிக்காது என்றால் ஏன் மாமா மங்கிப் போகிறது?” என்று மகன் கேட்டான்.

“நல்ல கேள்வி” என்றார் மாமா.

அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டவுடன் ஒரு மெல்லிய தோல் உண்டாகிறது. அதன் பெயர் அலுமினியம் ஆக்சைடு. இந்தத் தோல் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்குங்கள். அதில் சில பங்குகள்தான் இதன் கனம். ஆனால் இது கெட்டியான தோல். உள்ளே இருக்கும் உலோகத்தை இதுதான் காக்கிறது.

ஆனால் பல வருடம் போனால் என்ன ஆகும்? செருப்பில் ஒட்டிய மணல் கீறும். கீறலில் அழுக்கு உட்காரும். மழை ஈரம் தங்கும். வியர்வை உப்பு படும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது தெறிக்கும். இவை மெல்ல மெல்லத் தோலைக் கெடுக்கும். வெள்ளைப் பொடி பூக்கும். வெளிச்சம் நேராகத் திரும்பாமல் சிதறும். அதனால் மங்கலாகத் தெரிகிறது.

அம்மா சொன்னார்: “தம்பி, சமையலில் நான் இதைப் பார்த்திருக்கிறேன். அலுமினியப் பாத்திரத்தில் சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைத்தால் பாத்திரம் கறுக்கும். புளி போட்டுக் கொதிக்க வைத்தால் வெளுக்கும்.”

“அதேதான் அக்கா!” என்றார் மாமா. “சோடா உப்பு, சாம்பல் தண்ணீர், சுண்ணாம்பு, காஸ்டிக் சோடா எல்லாம் காரப் பொருள்கள். காரம் அலுமினியத்தின் தோலைக் கரைத்துவிடும். காஸ்டிக் மிகவும் கடுமையானது. தோலைக் கரைத்து உலோகத்தையும் தின்னும். அப்போது ஹைட்ரஜன் வாயு குமிழாக வரும். அது தீப்பற்றும் வாயு. நல்ல வேளை, பக்கத்தில் யாரும் பீடி பற்ற வைக்கவில்லை.”

காந்தம் சொல்லும் சேதி

பளபளக்கும் பட்டை எல்லாம் அலுமினியம் அல்ல. முதலில் எது என்ன என்று பார்க்க வேண்டும்.

மாமா ஒரு சிறு காந்தத்தை எடுத்தார்.

காந்தம் ஒட்டினால் அது இரும்பு. மேலே குரோமியம் முலாம் பூசியிருப்பார்கள். அதை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் முலாம் போய்விடும்.

காந்தம் ஒட்டாவிட்டால் அது அலுமினியமாக இருக்கலாம். எவர்சில்வராகவும் இருக்கலாம். பல எவர்சில்வர் சாமான்களில் காந்தம் ஒட்டாது. அப்போது எடையைப் பாருங்கள். அலுமினியம் லேசாக இருக்கும். மறைவான இடத்தில் ஆணி முனையால் மெல்லக் கீறிப் பாருங்கள். அலுமினியம் எளிதாகக் கீறும்.

இன்னொரு சோதனையும் உண்டு. சில பட்டைகளின் மேல் ஆலையிலேயே மின்சார முறையில் கெட்டியான ஆக்சைடு பூச்சு ஏற்றுவார்கள். இதற்கு அனோடைசிங் என்று பெயர். டார்ச் பேட்டரி, சிறு பல்பு, இரண்டு கம்பி எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியின் முனைகளைப் பட்டை மேல் மெல்ல வையுங்கள். பல்பு எரிந்தால் அது வெறும் அலுமினியம். எரியாவிட்டால் மேலே ஏதோ பூச்சு இருக்கிறது. பூச்சு நன்றாக இருந்தால் தேய்க்க வேண்டாம். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும்.

மகன் ஒவ்வொரு பட்டையாகச் சோதித்தான். எல்லாம் வெறும் அலுமினியம். ஒரு சிறு மூடி மட்டும் காந்தத்தில் ஒட்டியது. அதை மாமா தனியே வைத்தார்.

வேலை வரிசை

ஒன்று. கழற்றும்போதே ஒவ்வொரு பட்டையின் பின்னாலும் எண் எழுதுங்கள். எது இடது, எது வலது என்று எழுதுங்கள். பழைய பட்டை சீக்கிரம் வளையும். ரிவிட் அடித்திருந்தால் இழுக்காதீர்கள். ரிவிட்டின் தலையைத் துளை போட்டு எடுங்கள். பட்டையைக் கழற்ற முடியாவிட்டால் சுற்றியுள்ள பெயிண்டின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டி மறையுங்கள்.

இரண்டு. நடுவில் உள்ள ரப்பரை எடுத்துவிடுங்கள். பட்டையைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ் நல்லது. தாரும் கிரீசும் இருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். மறுபடி கழுவி உலர்த்துங்கள்.

மூன்று. நெளிவு இருந்தால் எடுங்கள். பட்டையை மரப் பலகை மேல் வையுங்கள். மரச் சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். இரும்புச் சுத்தி வேண்டாம். அது புதிய பள்ளம் போடும்.

நான்கு. உப்புத்தாளால் தேயுங்கள். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் தாள் வாங்குங்கள். கடையில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் தருவார்கள். தாளின் பின்னால் ஒரு எண் அச்சிட்டிருக்கும். எண் சிறியது என்றால் தாள் சொரசொரப்பானது. எண் பெரியது என்றால் தாள் நைசானது.

ஆழமான கீறலுக்கு 320-ம் எண் தாளில் தொடங்குங்கள். சாதாரண மங்கலுக்கு 600-ல் தொடங்கினால் போதும். பிறகு 800, 1000, 1500, 2000 என்று வரிசையாகப் போங்கள். நடுவில் ஒரு எண்ணைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பழைய தாள் போட்ட கோடு அப்படியே நிற்கும்.

தாளை ஒரு சிறு மரத் துண்டில் சுற்றிப் பிடியுங்கள். பட்டையின் நீளத்திலேயே தேயுங்கள். அடிக்கடி தண்ணீரில் அலசுங்கள். அடுத்த எண்ணுக்குப் போகும் முன் பட்டையையும் கையையும் கழுவுங்கள். தண்ணீரையும் மாற்றுங்கள். பழைய தாளின் ஒரு மணல் துளி ஒட்டியிருந்தாலும் அது மறுபடி கீறும்.

“எப்போது அடுத்த தாளுக்குப் போவது மாமா?”

“வெயிலில் சாய்த்துப் பார். முந்தின தாளின் கோடு ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் அடுத்த தாளைத் தொடாதே. இந்த வேலையில் பலம் பாதி செய்யாது மாப்பிள்ளை. பொறுமைதான் செய்யும்.”

ஐந்து. பாலிஷ் போடுங்கள். உலோகப் பாலிஷ் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். அலுமினியத்துக்கு ஏற்றதா என்று பாருங்கள். மெல்லிய பருத்தித் துணியில் சிறிது எடுத்துத் தேயுங்கள். துணி கறுப்பாகும். அது அழுக்கு மட்டும் அல்ல. அலுமினியத்தின் நுண்ணிய துகளும் அதில் இருக்கிறது. துணியை மாற்றி மாற்றித் தேயுங்கள். கடைசியில் சுத்தமான துணியால் துடையுங்கள்.

ஆறு. மெழுகு பூசுங்கள். கார் மெழுகு போதும். மெழுகு ஈரத்தையும் உப்பையும் தடுக்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி பூசுங்கள்.

ஏழு. மாட்டும்போது கவனியுங்கள். இரும்புத் திருகும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றோடு ஒன்று தொட்டால் அலுமினியம் அரிக்கும். திருகுக்கு அடியில் பிளாஸ்டிக் வாஷர் போடுங்கள். சிறிது கிரீஸ் தடவுங்கள்.

இதே முறை புல்லட் மோட்டார் சைக்கிளின் எஞ்சின் மூடிக்கும் பொருந்தும். பழைய காரின் அலுமினியப் பட்டைக்கும் பொருந்தும்.

சுழலும் சக்கரம்

பட்டறையில் பஃபிங் இயந்திரம் இருந்தது. துணிகளை அடுக்கித் தைத்த சக்கரம் அது. மோட்டாரில் வேகமாகச் சுழலும். அதில் பாலிஷ் கட்டியைத் தடவி, பட்டையை ஒட்டிப் பிடிப்பார்கள். கையால் மணிக்கணக்கில் செய்யும் வேலை நிமிடத்தில் முடியும். ஆனால் ஆபத்தும் உண்டு.

மாமா தன் இடது கையைக் காட்டினார். பெருவிரலில் நீளத் தழும்பு. “நான் கற்றுக்கொண்ட காலத்தில் சக்கரம் பட்டையைப் பிடுங்கி எறிந்தது. அதன் அடையாளம்” என்றார்.

இதற்கு விதிகள் உண்டு.

பட்டையைச் சக்கரத்தின் கீழ்ப் பாதியில் பிடிக்க வேண்டும். பட்டையின் விளிம்பு சக்கரம் வரும் பக்கம் பார்க்கக் கூடாது. பார்த்தால் சக்கரம் பிடுங்கிக் கொள்ளும்.

மெல்லிய பட்டையை ஒரு மரச் சட்டத்தில் இறுக்கிக் கட்டிப் பிடிக்க வேண்டும்.

ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சூடேறிப் பட்டை வளையும்.

தொங்கும் துணி எதுவும் வேண்டாம். சேலை முந்தானை, துப்பட்டா, துண்டு, தளர்ந்த லுங்கி ஆகாது. துணிக் கையுறையும் ஆகாது. தலைமுடியைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

கண்ணுக்குக் கண்ணாடி. மூக்குக்கும் வாய்க்கும் முகமூடி.

தூசியும் நெருப்பும்

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று இருக்கிறது. அலுமினியத் தகடு எளிதில் எரியாது. ஆனால் நுண்ணிய அலுமினியத் தூசி எரியும். காற்றில் கலந்து பறந்தால் ஒரு பொறியில் வெடிக்கவும் கூடும். உலகில் பல தொழிற்சாலைகளில் இப்படி விபத்து நடந்திருக்கிறது. 2014-ல் சீனாவில் குன்ஷான் நகரத்தில் வண்டிச் சக்கரத்துக்குப் பாலிஷ் போடும் ஆலையில் தூசி வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள்.

அதனால் பட்டறையைத் தினமும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். தூசியை மூலையில் குவித்து வைக்கக் கூடாது. இரும்பு தேய்த்த சக்கரத்தில் அலுமினியம் தேய்க்கக் கூடாது. அலுமினியத் தூசி கிடக்கும் இடத்தில் இரும்பைச் சாணை பிடிக்கக் கூடாது. பொறி பறக்கும். பீடி, சிகரெட், அடுப்பு பக்கத்தில் ஆகாது. தூசி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. உலர்ந்த மணலை மெதுவாகக் கொட்டி மூட வேண்டும். மாமாவின் பட்டறையில் வாசலிலேயே ஒரு மணல் வாளி இருந்தது.

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. ஈரத்தில் தேய்ப்பதில் அதுவும் ஒரு நன்மை.

எங்கே நிறுத்துவது?

நான்கு நாள் வேலை நடந்தது. மகன் கையாலேயே தேய்த்தான். கடைசிப் பாலிஷை மாமா சக்கரத்தில் போட்டார். ஏழு பட்டைகள் முகம் பார்க்கும் கண்ணாடி போல ஆயின.

எட்டாவது பட்டை காஸ்டிக் தின்ற பட்டை. மகன் அதை 320-ல் தேய்த்தான். மறுபடி தேய்த்தான். கறுப்புப் போனது. சிறு குழிகள் மறைந்தன. பெரிய குழிகள் மறையவில்லை. அவன் இன்னும் அழுத்தித் தேய்த்தான்.

மாமா அவன் கையைப் பிடித்தார்.

“போதும். பாலிஷ் என்றால் என்ன? மேடான இடத்தைத் தேய்த்துக் குழிக்குச் சமமாக ஆக்குவது. குழி நிரம்பாது. மேடுதான் தேயும். குழி ஆழம் என்றால் தகடு முழுவதும் மெலிந்துவிடும். பிறகு கால் வைத்தால் ஒடியும். தேய்த்து எடுத்த உலோகம் திரும்பி வராது.”

“புதுப் பட்டை வாங்கிவிடலாமா மாமா?”

“கடையில் கிடைக்கலாம். வளைவும் நீளமும் இந்த வண்டிக்குச் சரியாகப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். அக்கா என்ன சொல்கிறீர்கள்?”

அம்மா அந்தப் பட்டையை வாங்கிப் பார்த்தார். “இதையே மாட்டு. உன் அப்பா கால் வைத்த பட்டை. இந்தக் குழியைப் பார்க்கும்போதெல்லாம் பொட்டலத்தைப் படிக்க வேண்டும் என்று உனக்கு நினைவு வரும்” என்றார்.

ஒரு முக்கியமான காகிதம்

வண்டி பளபளத்தால் மட்டும் ரோட்டில் ஓட்டலாமா? ஓட்டக் கூடாது. புதிய வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தால் மேலும் 5 ஆண்டு செல்லும். இறந்தவர் பெயரில் வண்டி இருந்தால் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். இன்சூரன்சும் வேண்டும். அம்மா படிவத்தை முழுவதும் படித்தார். பிறகுதான் கையெழுத்துப் போட்டார். கைநாட்டு வைக்கவில்லை.

ஆயுத பூஜை அன்று காலையில் ஸ்கூட்டர் வாசலில் நின்றது. அம்மா சந்தனமும் குங்குமமும் வைத்தார். மகன் நகரிக்குப் போகத் தயாராக இருந்தான். மூட்டை வைக்கும் இடத்தில் எட்டுப் பட்டைகளும் மின்னின. எட்டாவது பட்டையில் சில புள்ளிகள் இருந்தன. தெருவில் யாருக்கும் அது தெரியவில்லை. மகனுக்கும் அம்மாவுக்கும் தெரியும்.

கணக்குப் போடுவோம்

ஒரு உப்புத்தாள் 20 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 10 தாள் வேண்டும். பாலிஷ் டப்பா 150 ரூபாய். மெழுகு 150 ரூபாய். ஒரு பட்டைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். மொத்தம் 8 பட்டை.

1. சாமான் செலவு மொத்தம் எவ்வளவு?
2. வேலை நேரம் மொத்தம் எத்தனை மணி?
3. இந்த வேலையை இன்னொருவருக்கு 1,700 ரூபாய்க்குச் செய்து கொடுத்தால், சாமான் செலவு போக ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கூலி கிடைக்கும்?

(விடை: 1. 500 ரூபாய். 2. 12 மணி. 3. 100 ரூபாய்.)

நினைவில் வைப்போம்

எந்தப் பொருளையும் பயன்படுத்தும் முன் பொட்டலத்தைப் படிப்போம்.
அலுமினியத்தில் காஸ்டிக் சோடா, சுண்ணாம்பு, சாம்பல் தண்ணீர் படாமல் பார்ப்போம்.
முதலில் காந்தம் வைத்துப் பார்ப்போம். பிறகு தேய்ப்போம்.
உப்புத்தாளில் சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்குப் போவோம்.
அலுமினியத் தூசியை நெருப்புக்குப் பக்கத்தில் விடமாட்டோம்.

பதில் எழுதுங்கள்

1. பட்டையைக் காஸ்டிக் சோடாவில் போட்டதும் என்ன நடந்தது?
2. அலுமினியம் இரும்பைப் போலத் துருப் பிடிக்காதது ஏன்?
3. தாளின் எண் பெரியது என்றால் தாள் எப்படி இருக்கும்?
4. எட்டாவது பட்டையை மேலும் தேய்க்க வேண்டாம் என்று மாமா ஏன் சொன்னார்?
5. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பொட்டலத்தை எடுங்கள். அதில் எச்சரிக்கை எழுதியிருக்கிறதா? படமும் இருக்கிறதா? பார்த்து நோட்டில் எழுதுங்கள்.